எமக்கு உதவுவோரில் மீன்காரர்

ஆண்டு இரண்டில் என்னோடு அந்தக் கிடுகுக் கொட்டிலில் படித்தவர்கள் இதை வாசித்தால், முதலில் அதன் கூரைத் தறப்பாள் மணம் நினைவுக்கு வரும். பத்து மணி வெயிலில் அது சூடாகி, ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்ததுபோல ஒரு மணம் வீசும். அதற்குள் இருந்துதான் நாம் எழுத்துக் கூட்டினோம். இப்போது நாமெல்லாம் வளர்ந்துவிட்டோம். நம் பிள்ளைகள் அதே பாடங்களைப் படிக்கிறார்கள்.

சென்ற கிழமை என் மகளின் சுற்றாடல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'எமக்கு உதவுவோர்' என்ற பாடம் இன்னும் இருக்கிறது. தபால்காரர், வைத்தியர், பொலிஸ்காரர், விவசாயி, ஆசிரியை என்று எல்லோரும் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். எல்லோருடைய உடுப்பும் அயன் பண்ணியது. மீன்காரர் இல்லை. நாம் படித்தபோதும் புத்தகத்தில் அவர் இல்லை. ஆனால் நம் கொட்டிலின் சுவரில் இருந்தார். அவர் அங்கே எப்படி வந்தார் என்பதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான். ஆனாலும் இந்த ஒரு விடயத்தில் என் நினைவை நம்பலாம்.

நம் ஊர் கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கும் மண் திடல். புத்தகங்கள் வாவி என்று எழுதும். நாம் யாரும் அப்படிச் சொன்னதில்லை, நமக்கு அது ஆறு. மார்கழி முடிவில் கடல் வந்து கிழக்குப் பக்கத்து வீடுகளைக் கொண்டு போனபின், பெரிய வீதிக்கு மேற்கே கோயில் வளவில் கூடாரங்கள் அடித்தார்கள். ஆறு கூப்பிடு தூரத்தில் இருந்தது. பெரியவர்கள் நம் முன்னால் 'கடல்' என்ற சொல்லையே எடுக்கமாட்டார்கள். 'அது வந்த அண்டு' என்பார்கள். பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம். நாமோ அவர்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் 'கடல் வருகுது' என்று கத்தி ஓடி, கோயில் மதிலில் ஏறி விளையாடினோம். கடைசியாக ஏறியவர் செத்தவர். அந்த விளையாட்டை எந்தத் தாயும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பார்த்திருந்தால் நம்மைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டிருக்கமாட்டார்கள்.

நம் ரீச்சருக்கு அதுதான் முதல் நியமனம். களுவாஞ்சிக்குடியிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். பாடசாலையோடு பாடப் படங்களும் போய்விட்டதால், சீமெந்துப் பைகளைப் பிரித்து, உதறி, உட்பக்கத்தில் தானே படம் வரைந்து சோற்றுப் பசையால் கம்பில் ஒட்டுவார். வெயில் ஏறினால் அந்தப் பசை புளித்து மணக்கும்.

எமக்கு உதவுவோர் பாடத்தைத் தொடங்கிய அன்று அவர் பலகையில் மூன்று கேள்விகள் எழுதினார். அவர் எங்கிருந்து வருகிறார்? அவர் வருவது நமக்கு எப்படித் தெரியும்? அவர் ஒரு கிழமை வராவிட்டால் என்ன நடக்கும்? மூன்றாவது கேள்வி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது ரீச்சருடைய சொந்தக் கேள்வி.

தபால்காரரில் தொடங்கினோம். முன்பு அவர் மணியடித்து, வேலிக்கு மேலால் கடிதத்தை எறிந்துவிட்டுப் போவார். எந்த வளவு யாருடையது என்று அவருக்கு மனப்பாடம். இப்போது வளவுகள் இல்லை. கூடார வரிசையின் தலைப்பில் நின்று பெயர்களை வாசிப்பார். நாம் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவோம். சில பெயர்களுக்கு யாரும் அசையமாட்டார்கள். அந்தக் கடிதங்களை அவர் பைக்குள் திரும்பப் போடாமல் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். ஏன் அப்படிச் செய்தார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இப்போது ஓரளவு விளங்குகிறது.

பொலிஸ்காரர் எப்படி உதவுவார் என்று ரீச்சர் கேட்டபோது, "ஐ.சி. பார்ப்பார், ரீச்சர்" என்று நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னோம்; ஐ.சி. என்றால் அடையாள அட்டை. ஒரு கிழமை வராவிட்டால்? "சந்தோசம்" என்றான் எதிர்க் கூடாரத்துப் பொடியன். ரீச்சர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தப் பதிலை எழுதாமல் அடுத்தவருக்குப் போனார். அதிகமான கைகள் உயர்ந்தது லொறியில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர்காரருக்கு. அவர் எந்தப் பாடப் படத்திலும் இல்லாத ஆள். ரீச்சர் தயங்காமல் அவரையும் வரைந்தார். அதைப் பார்த்துத்தான் எனக்குத் துணிவு வந்தது.

"மீன்காரர், ரீச்சர்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. எதிர்க் கூடாரத்துப் பொடியன் எழும்பியே நின்றான். "அவர்ர மீன ஆர் ரீச்சர் தின்னுற? அந்த மீன்தான் நம்மட ஆக்களத் தின்டது."

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் சொன்னது புதிய செய்தி இல்லை. கூடாரங்களில் எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள், அவன் சத்தமாகச் சொல்லிவிட்டான். கடல் வந்த நாளிலிருந்து யாரும் மீன் சமைக்கவில்லை. எங்கோ ஓர் ஊரில் மீனின் வயிற்றுக்குள் மோதிரம் இருந்ததாம். இன்னோர் ஊரில் வேறொன்று இருந்ததாம். நிவாரணப் பருப்பும் டின் மீனும் தின்றார்கள். டின் மீன் தூர நாட்டுக் கடலிலிருந்து வந்தது என்பதால் அதில் குற்றமில்லை.

அந்த மீன்காரர் என் மாமா, அம்மாவின் தம்பி. அப்பா அந்தக் காலையில் கரைவலை இழுக்கப் போனவர். அதன்பிறகு எங்கள் கூடாரத்தில் அம்மாவும் நானும் மாமாவும்தான். மாமாவுக்கு முன்பு ஒரு மரப்பெட்டி இருந்தது. மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பறங்கித் தச்சர் செய்து கொடுத்தது. உள்ளே தகரம் அடித்து, மூலையில் தண்ணீர் வடியத் துளை விட்டு, சைக்கிள் கரியருக்கு அளவெடுத்துச் செய்த பெட்டி. ரப்பர்ப் பந்தை அமுக்கினால் 'பூம்' என்று கத்தும் பித்தளை ஹோர்னும் இருந்தது. இரண்டையும் கடல் எடுத்தது, சைக்கிளை மட்டும் பனைவடலிக்குள் விட்டுவைத்தது. இப்போது நிவாரணத்தில் வந்த நீலப் பிளாஸ்டிக் பெட்டியை ரப்பர் பட்டியால் கட்டி, ஹோர்ன் இல்லாமல் வாயால் கூவிக்கொண்டு போனார்.

கடலில் யாரும் இறங்காததால் மாமா ஆற்று மீன்தான் விற்றார். விடியப் போய், தோணிக்காரரிடம் வாங்கிக்கொண்டு வருவார். ஆற்று மீன் என்று கூவியும் ஒருவர்கூட வாங்கவில்லை. அந்தப் பொடியனின் தாய், எதிர்க் கூடாரத்து மாமி, மட்டும் ஒருநாள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவருடைய மூத்த மகளைக் கடல் கொண்டு போனது. உடல் கிடைக்கவில்லை. மீனைப் பற்றி அந்த வளவில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. ஒரு மீனைத் தூக்கி, பெருவிரலால் அதன் பக்கத்தை ஒருமுறை வழித்தார். விரலைப் பார்த்தார். மீனைத் திரும்ப வைத்துவிட்டார்.

"தம்பி, இது கடல் மீன். ஆத்து மீன் எண்டு எனக்கிட்டச் சொல்லாத."

மாமா எவ்வளவோ சத்தியம் பண்ணினார். மாமி கையைக் கழுவப் போய்விட்டார். அன்றிலிருந்து மாமா பொய்க்காரர் என்றும் ஆகிவிட்டார்.

சித்திரை வருடம் பிறந்ததும் கட்டாருக்குப் போவதாக மாமா முடிவு செய்தார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கிறவரோடு பேசியாயிற்று. அம்மா அழவில்லை. "போறதெண்டா போ. முதல்ல எங்களயும் படுவான்கரையில விட்டுட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். ஆற்றுக்கு அப்பால் படுவான்கரையில் அம்மாவின் சொந்தக்காரர் இருந்தார்கள். அந்த நாட்களில் அக்கரை வேறொரு நாடு மாதிரி. நடுவில் இராணுவச் சோதனைச் சாவடிகள், அங்கே இயக்கத்தின் ஆட்சி. போனால் இந்தக் கொட்டிலுக்குத் திரும்பி வருவதில்லை.

ஆகவே ரீச்சர் என்னைப் பார்த்து மூன்றாவது கேள்வியைக் கேட்டபோது, என்னிடம் பதில் ஆயத்தமாக இருந்தது.

"ஒரு கிழமை வராட்டி, மாமா கட்டாருக்குப் போயிட்டார் எண்டு அர்த்தம், ரீச்சர். நானும் அம்மாவும் படுவான்கரைக்குப் போயிருவம்."

ரீச்சர் சோக்கைக் கீழே வைத்தார். பலகையில் மீன்காரர் என்று எழுதி, மூன்று பதில்களுக்கும் இடம் விட்டார். முதல் கேள்விக்கு என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை வந்தது. நான் ஆற்றிலிருந்து என்றேன். பொடியன் கடலிலிருந்து என்றான், அவன் தாய் பார்த்துச் சொன்னதாம். அப்படியென்றால் போய்ப் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று ரீச்சர் சொன்னார். அது பெரிய காரியம் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. களுவாஞ்சிக்குடியில் அவர் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை.

பாடசாலை அதிபர் உடனே மறுத்துவிட்டார். தண்ணீருக்குப் பக்கத்தில் பிள்ளைகளைக் கொண்டு போவதா? அவர்களின் மனம் என்ன ஆகும்? பிறகு கூடாரங்களில் கதை பரவியது. தாய்மார் கொட்டிலுக்கு வந்து ரீச்சரைச் சூழ்ந்துகொண்டார்கள். நடந்ததை அம்மா கூடாரத்தில் சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது, அந்தச் சின்ன ரீச்சரை மாற்றிவிடுவார்கள் என்று. ஆனால் ரீச்சர் விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் மதிலில் ஏறி என்ன விளையாடுகிறார்கள் என்று தாய்மாரிடம் சொன்னாராம். அவர் எல்லாம் பார்த்திருக்கிறார். கடைசியில் அதிபரும் ஒத்துக்கொள்ள ஓர் உடன்பாடு வந்தது: பிள்ளைகள் போகலாம், ஆனால் ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் கையைப் பிடித்தபடி கூடவே வரவேண்டும்.

நம்மைக் காப்பாற்றத்தான் அவர்கள் வந்தார்கள். மீனைப் பார்க்க யாரும் வரவில்லை.

விடியற்காலையில் போனோம். கோயில் வளவின் பின்னால் ஒரு மண் பாதை, பிறகு கண்டல் மரங்கள், பிறகு ஆறு. பால் வைத்த தட்டு மாதிரி அசையாமல் கிடந்தது. தாய்மாரின் பிடி இறுகியது. என் விரல்கள் வலித்தன. நமக்கு ஒன்றும் ஆகவில்லை. கெண்டைக்கால் வரை சேறு, சேற்றில் நண்டு வளைகள், குடல் மாதிரி மணக்கும் கறுப்புச் சேறு. தோணி ஒன்று சத்தமில்லாமல் வந்து கரையில் முட்டியது. தோணிக்காரர் வலையை உதறினார். மணலை என்ற மீன், நாலைந்து கொடுவா, கொஞ்சம் இறால். எல்லாம் நம் கண் முன்னால், ஆற்றிலிருந்து. மீனின் உடம்பில் சேறும் பாசியும்தான் இருந்தன.

இவ்வளவு பேரைக் கண்டதும் மாமாவுக்கு வெட்கம். தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார். மீனை ஆற்றுத் தண்ணீரில் அலசினார். நீலப் பெட்டிக்குள் அடுக்கினார். பிறகு சைக்கிள் பாரில் கட்டியிருந்த உரப்பையை அவிழ்த்து, கையை விட்டு, ஒரு பிடி மண் எடுத்து மீனின் மேல் தூவினார். திருப்பிப் போட்டு மற்றப் பக்கமும் தூவினார். அவ்வளவு அக்கறையாக, பலகாரத்துக்கு மா தூவுவதுபோல.

எதிர்க் கூடாரத்துப் பொடியன் தாயின் கையை உதறிக்கொண்டு பெட்டிக்குக் கிட்டப் போனான். குனிந்து பார்த்தான். வெள்ளை மண், நடுவில் கறுப்புப் பொடி மின்னும் மண். நாம் எல்லோரும் பிறந்ததிலிருந்து விளையாடிய மண்.

"மாமா, இது கடற்கரை மண். என்னத்துக்கு ஆத்து மீனுக்குப் போடுறீங்க?"

மாமா கையில் மண்ணோடு நிமிர்ந்தார். விளங்காதவர்களுக்காக எழுதுகிறேன்: நம் கரையில் மண் ஒட்டிய மீன் என்றால், கரைவலையிலிருந்து நேரே பெட்டிக்கு வந்த மீன். வீட்டுப் பெண்கள் கண்ணைப் பார்க்கமுன், செவுளைத் தூக்கமுன், பெருவிரலால் வழித்து மண் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். மண் இல்லாவிட்டால் அது ஐஸில் கிடந்த பழைய மீன். வழியில் மண் கொட்டுண்டு போனால் மீன்காரர்கள் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்வார்கள். ஆற்று மீன் விற்பவர்கள் வேறு ஆட்கள், அவர்கள் மண் போடுவதில்லை. மாமா வாழ்நாள் முழுவதும் கடல் மீன் விற்றவர். எல்லோரும் பயந்து ஒதுங்கியிருந்த கடற்கரைக்குத் தனியே போய், ஒரு பை மண் அள்ளிக்கொண்டு வந்து, ஆற்று மீனுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மண் இல்லாட்டி பழசு எண்டுவிங்களே, அக்கா" என்றார் மாமியைப் பார்த்து.

"மண் இரிந்தபடியாத்தான் கடல் மீன் எண்டன், தம்பி" என்றார் மாமி.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் சிரித்தது அம்மா. அவர் சிரித்து நான் பார்க்காத அத்தனை கிழமைகளையும் சேர்த்துச் சிரித்தார், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். "ஓ, இவரும் ஒரு மீன்காரர்" என்று ஒருவர், "மண் விக்கிற ஆள்" என்று இன்னொருவர். தோணிக்காரர் தோணியிலேயே குந்திவிட்டார். மாமி சிரிக்கவில்லை. ஆனால் மகனின் தலையில் கையை வைத்தபடி, ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கே யாரும் மீன் வாங்கவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டோம். பொய்க்காரர் என்ற பெயர் போனது, அவ்வளவுதான். பயம் போகவில்லை.

மறுநாள் மாமா மண் போடவில்லை. கண்டல் இலை ஒடித்துப் பெட்டியில் பரப்பி, அதன்மேல் சேறு மணக்கும் மீனை வைத்துக்கொண்டு வந்தார். ரீச்சர் வகுப்பை வெளியில் விட்டார், வருவது எப்படித் தெரியும் என்ற இரண்டாவது கேள்விக்குப் பதில் நாமே செய்யவேண்டும் என்று. நாம் சைக்கிளுக்கு முன்னால் ஓடினோம். பொடியன் கையைக் குவித்து 'பூம், பூம்' என்றான், பித்தளை ஹோர்ன் அப்படியே. மற்றவர்கள் "ஆத்து மீன், நாங்க கண்ட மீன்" என்று கூவினோம். கூடார வாசல்களில் தாய்மார் நின்றார்கள். யாரும் இறங்கவில்லை. எல்லோருடைய கண்ணும் மாமியின் வாசலில் இருந்தது.

மாமி சட்டியும் கத்தியும் கொண்டு வந்தார். பெட்டிக்குள் கையை விட்டு, பெரிய மணலை மீன் ஒன்றை எடுத்தார். பைப்படிக்குப் போய்க் கல்லில் வைத்தார். எல்லோரும் கிட்ட வந்துவிட்டோம், பிள்ளைகளைப் போகச்சொல்ல யாருக்கும் நினைவில்லை. மீனின் வயிற்றை நீளமாகக் கீறினார். குடலை வெளியில் எடுத்து, கல்லில் வைத்து, அதையும் கீறி, விரல்களால் விரித்தார். அவர் எதைத் தேடுகிறார் என்று ஏழு வயதுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.

கறுப்புச் சேறு வந்தது. அதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"சேறு" என்றார். "வேற ஒண்டுமில்ல."

பைப்பைத் திறந்து கையைக் கழுவினார். பிறகுதான் மற்றச் சட்டிகள் வந்தன. அன்று மத்தியானம் வரிசை வரிசையாகப் புளியும் கறிவேப்பிலையும் மீனும் கொதிக்கும் மணம் தறப்பாள் மணத்துக்கு மேலால் எழும்பியது. நான் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ நல்ல கறி தின்றிருக்கிறேன். அந்த மணத்துக்குப் பக்கத்தில் எதையும் வைக்கமாட்டேன்.

ரீச்சர் சீமெந்துப் பையில் மீன்காரரை வரைந்தார். பவுசர்காரருக்கும், தாய்மாரையும் குழந்தைகளையும் பார்க்க வரும் குடும்பநல மிஸ்ஸுக்கும் நடுவில், சைக்கிளோடும் நீலப் பெட்டியோடும். எங்கிருந்து வருகிறார் என்ற இடத்தில் 'ஆற்றிலிருந்து, நாம் பார்த்தோம்' என்று எழுதினார். மூன்றாவது பதிலை மட்டும் வெறுமையாகவே விட்டார். வருடம் பிறந்தது, மாமா போகவில்லை. ஆள் பிடிக்கிறவர் இரண்டு தரம் வந்து திட்டிவிட்டுப் போனார். சில மாதம் கழித்து மழை அந்தப் படத்தைக் கரைத்தது. யாரும் எடுத்து வைக்கவில்லை. எனக்கு அதில் கவலை இல்லை. படத்தில் இருந்தவர் ஒவ்வொரு காலையும் வந்துகொண்டிருந்தார்.

ஒன்றை மட்டும் நாம் கவனிக்கவில்லை. மாமி சமைத்தார், மகனுக்குக் கொடுத்தார், எங்கள் கூடாரத்துக்கும் ஒரு கோப்பையில் அனுப்பினார். தான் தின்னவில்லை. ஆற்று மீன் தின்னத் தொடங்கவே அவருக்கு இரண்டு மழைக்காலம் சென்றது. கடல் மீன் திரும்பி வந்து மற்றவர்கள் வாங்கத் தொடங்கியபோதும், அவர் பெட்டியைத் தாண்டிப் போய்விடுவார். மாமாவும் அவர் வாசலில் கூவாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். இதற்கிடையில் கல் வீடுகள் வந்தன. சண்டை படுவான்கரைக்கு வந்து, அங்கிருந்த எங்கள் சொந்தக்காரர் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து படுத்தார்கள். பிறகு சண்டை வடக்கே போனது. ஒரு வைகாசியில் எல்லாம் முடிந்தது என்று வானொலி சொன்னது. கடல் தொழிலுக்கு இருந்த பாஸ், நேரக் கட்டுப்பாடு எல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கரைவலைப் பாட்டு மறுபடியும் வீதிவரை கேட்டது.

அந்த நாட்களில் ஒரு காலை, மாமி தன் வாசலில் நின்று மாமாவை மறித்தார். நான் பாடசாலை உடுப்போடு பக்கத்தில் நின்றேன். மாமி பெட்டிக்குள் பார்த்தார்.

"இதென்ன தம்பி, மண்ணக் காணல்ல?"

"கழுவித்தான் கொண்டந்தன், அக்கா" என்றார் மாமா. "உங்கட வாசலால போகவேணும் எண்டு ஒவ்வொரு நாளும் கழுவுறன்."

"கழுவின மீன் ஆருக்கு வேணும்? நாளைக்கு மண்ணோட கொண்டு வா."

மாமா தலையாட்டினார்.

மறுநாள் காலை மாமா கரைவலையிலிருந்து நேரே வந்தார். மாமி ஒரு மீனை எடுத்து, அதன் பக்கத்தைப் பெருவிரலால் ஒருமுறை வழித்து, விரலைப் பார்த்தார். வெள்ளை மண், நடுவில் கறுப்புப் பொடி. விரலை உதறாமல், மீனைச் சட்டியில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.